ஆவணங்களுக்கு வாசகர்கள் மட்டும் போதாது; சாட்சிகளும் வேண்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றில் எழுத்தாவணங்கள் பெருமளவில் அழிந்துபோன இரண்டு சந்தர்ப்பங்களை எவரும் மறந்துவிட முடியாது. முதலாவது, 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு தொடங்கிய வன்முறை. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலையொட்டி யாழ்ப்பாணத்தில் குவிக்கப்பட்டிருந்த பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்த காடையர்களும் மூட்டிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகமும் அங்கிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாகின. அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயமும் எரியூட்டப்பட்டது.

இரண்டாவது, 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி. யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டுமெனத் தமிழீழ விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டனர். அதற்கு முன்னரே சாவகச்சேரி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டிருந்தனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டதாகக் கணிக்கப்படுகின்றது. அன்று தீ மூட்டப்படவில்லை. ஆயினும், காணி உறுதிகள், திருமணப் பதிவுகள், பாடசாலைச் சான்றிதழ்கள், குடும்பப் புகைப்படங்கள், பரம்பரையாகப் பேணப்பட்ட கிதாபுகள், வியாபாரக் கணக்கேடுகள் என ஒரு சமூகத்தின் வீட்டு ஆவணங்கள் அனைத்தும் பூட்டப்பட்ட வீடுகளுக்குள்ளேயே விடப்பட்டன. அவற்றில் மிகப் பெரும்பகுதி அவற்றின் உரிமையாளர்களிடம் மீண்டும் வந்து சேரவேயில்லை.

இவ்விரு இழப்புகளையும் தராசில் இட்டு எது பெரிது என அளப்பது எமது நோக்கமன்று. ஒன்று ஒரு சமூகத்தின் பொதுச் சொத்து. மற்றையது இன்னொரு சமூகத்தின் வீட்டுச் சொத்து. எனினும் இரண்டும் ஒரே மண்ணின் நினைவுகள் என்பதை மறுப்பதற்கில்லை. இன்று அந்த மண்ணின் எஞ்சிய ஆவணங்கள் கணினிக்கும் இணையத்துக்கும் மாற்றப்பட்டு வருகின்றன. இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், இந்த மின் தொகுப்புகளை நாம் வாசிப்பதற்காக மட்டும் திறந்து வைக்கப் போகின்றோமா, அல்லது அவற்றைப் பற்றி அறிந்த மக்கள் தமது அறிவையும் அவற்றோடு சேர்ப்பதற்காகவும் திறந்து வைக்கப் போகின்றோமா என்ற கேள்விக்கு நாம் இன்னமும் உரிய விடையைக் காணவில்லை.

மக்கள் கட்டிய நூலகம்

பொதுமக்களின் பங்களிப்பு என்பது மேல்நாட்டிலிருந்து இறக்குமதி செய்யப்பட்ட புதிய சிந்தனை எனச் சிலர் கருதக்கூடும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறே அதற்குத் தகுந்த மறுப்பாகும். 1933 ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்ற தனிமனிதர் தமது வீட்டிலே நடத்திய சிறிய நூல் இரவல் முயற்சியே அந்த நூலகத்தின் வித்து. அடுத்த ஆண்டிலே அது ஊரவர்களின் ஒத்துழைப்புடன் ஒரு வாடகை அறையில் முறையான நூலகமாயிற்று. பின்னர் வண. பிதா லோங் அடிகளார் போன்றோரின் உழைப்பாலும் பொதுமக்களின் நன்கொடையாலும் வளர்ந்து, நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையையும் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடத்தையும் பெற்று, 1959 ஆம் ஆண்டில் புதிய கட்டடத்தில் திறந்து வைக்கப்பட்டது.

எரிப்புக்குப் பின்னரும் மக்களே முன்வந்தனர். 1982 ஆம் ஆண்டில் நூலக வாரம் அனுட்டிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான நூல்கள் பொதுமக்களிடமிருந்து சேகரிக்கப்பட்டன. தமது வீட்டு அலுமாரியிலிருந்த நூலை எடுத்துக் கொடுத்தவர் எவரும் அந்த நூலகத்துக்கு வெறும் வாசகராக மட்டும் இருக்கவில்லை. அவர் அதன் பங்காளியாகவும் இருந்தார். அச்சு நூலகக் காலத்திலே எமக்கு இயல்பாக இருந்த இந்தப் பண்பு, கணினிக் காலத்திலே எமக்கு அந்நியமாகிவிடக் கூடாது.

இணையத்துக்கு வந்த ஏடுகள்

தமிழ் மின் நூல்களின் வரலாறும் தன்னார்வலர்களின் வரலாறேயாகும். 1998 ஆம் ஆண்டு பொங்கல் தினத்தில் சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ஆரம்பித்த மதுரைத் திட்டத்தில், உலகின் பல பகுதிகளிலும் இருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தாமாகவே தட்டச்சுச் செய்து அனுப்பினர். 2003 ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை வளர்த்தெடுத்தோருள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட இ. மயூரநாதன். 2005 ஆம் ஆண்டு தை மாதத்தில் தி. கோபிநாத், மு. மயூரன் ஆகிய இளைஞர்களின் முயற்சியால் உருவான 'நூலகம்' மின்னூலகம், ஈழத்து எழுத்தாவணங்களுக்கென்றே தோற்றம் பெற்றது. இன்று அது இலட்சத்தைக் கடந்த ஆவணங்களைத் தன்னகத்தே கொண்டுள்ளது. நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள் ஆகியவற்றோடு நின்றுவிடாது, புகைப்படங்கள், வாய்மொழி வரலாறுகள் முதலானவற்றுக்காக 'ஆவணகம்' என்ற தளத்தையும் அது உருவாக்கியுள்ளது.

போர் இன்னமும் முடிவுக்கு வராத காலத்தில், அரச ஆதரவு எதுவுமின்றி இப்பணி ஆரம்பிக்கப்பட்டது என்பதை இங்கே நன்றியுடன் குறிப்பிட வேண்டும். ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக இருந்ததனாலேயே 1981 இல் எரிந்தவை முற்றாக எரிந்தன. ஒரு நூலின் மின்பிரதி பல நாடுகளில், பல கணினிகளில் இருக்குமாயின் ஒரு தீப்பந்தத்தால் அதனை அழிக்க முடியாது. இந்த வகையில் எமது சமூகம் பாடம் கற்றுக்கொண்டது எனலாம்.

ஆயினும் அது பாடத்தின் முற்பாதி மாத்திரமே. ஆவணத்தின் தாளை நாம் காப்பாற்றிவிட்டோம். அத்தாளைப் பற்றிய அறிவைக் காப்பாற்றும் பணி இன்னமும் எஞ்சியிருக்கின்றது.

பெயரில்லாத முகங்கள்

ஓர் உதாரணத்தை நோக்குவோம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாளில் 'கல்வெட்டு' எனப்படும் நினைவு மலரை வெளியிடுவது நீண்டகால வழக்கம். அதில் அவரது வம்சாவளி, ஊரின் சிறப்பு, ஆலயத்தின் வரலாறு, அவர் கடமையாற்றிய ஊர்கள், புலம்பெயர்ந்த பிள்ளைகளின் விபரம் என்பன இடம்பெறும். வேறெந்த நூலிலும் கிடைக்காத கிராம வரலாறு இந்த மெல்லிய மலர்களில் கிடைக்கின்றது. பாடசாலைகளின் பொன்விழா மலர்களும், சனசமூக நிலையங்களின் ஆண்டறிக்கைகளும், கூட்டுறவுச் சங்கங்களின் மலர்களும் இத்தகையனவே.

இவை மின்வருடப்பட்டு இணையத்தில் ஏற்றப்படும்போது, பட்டியலில் தலைப்பும் ஆண்டும் பக்க எண்ணிக்கையும் பதிவாகின்றன. ஆனால், உள்ளே இருக்கும் புகைப்படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவர் யார்? 'எமது பழைய தலைமை ஆசிரியர்' என்று மட்டும் குறிப்பிடப்பட்டவர் எவர்? பெயர் மாற்றப்பட்ட அந்த வீதி எது? இவற்றுக்கான விடைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவை கொக்குவிலிலோ, வடமராட்சியிலோ, புத்தளத்திலோ, ரொறன்ரோவிலோ வாழும் ஒரு முதியவரின் ஞாபகத்திலேயே இருக்கின்றன.

மற்றொரு தடையும் உண்டு. மின்வருடப்பட்ட பக்கம் என்பது பெரும்பாலும் ஒரு படம் மாத்திரமே. அதிலுள்ள சொற்களைக் கணினி தேட வேண்டுமாயின் அவை எழுத்துகளாக மாற்றப்பட வேண்டும். எழுத்துணரி மென்பொருள்கள் இன்று தமிழையும் வாசிக்கின்றன என்பது உண்மையே. ஆனால், பழைய அச்சுக்கூடங்களின் தேய்ந்த அச்செழுத்துகளையும், எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட ணகர, னகர, லகர வடிவங்களையும், கறையான் அரித்த தாள்களையும் அவை பிழையாகவே வாசிக்கின்றன. அப்பிழைகளைத் திருத்துவதற்கு மனிதக் கண் வேண்டும். அதிலும் அவ்வூர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் அறிந்த கண் வேண்டும். 1841 ஆம் ஆண்டிலே 'உதயதாரகை' தோன்றிய ஒரு மண்ணில், ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுக் காலப் பத்திரிகை எழுத்து முழுவதையும் ஒரு சில பணியாளர்கள் மட்டும் இருந்து திருத்திவிட முடியாது.

புத்தளத்திலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி

இந்த இடத்தில் நாம் சற்று வெளிப்படையாகப் பேச வேண்டியுள்ளது. யாழ்ப்பாணத்தின் ஆவணங்கள் என நாம் இன்று சேகரித்திருப்பவற்றில் முஸ்லிம்களின் பங்கு எவ்வளவு? சோனகதெருவின் பள்ளிவாசல்களைப் பற்றியும், அங்கிருந்த தையற்கடைகள், இரும்புக்கடைகள், நகைத் தொழில், லொறிப் போக்குவரத்து ஆகியவற்றைப் பற்றியும் எத்தனை பக்கங்கள் எம்மிடம் உள்ளன? நூல்களில் இருப்பது சொற்பமே. எஞ்சியவை 1990 இல் மூடப்பட்ட வீடுகளோடு மறைந்தன, அல்லது வெளியேற்றப்பட்டவர்களின் நினைவில் மாத்திரம் உயிர் வாழ்கின்றன.

யாழ்ப்பாண முஸ்லிம்களின் வரலாறு குடாநாட்டின் வரலாற்றுக்கு வெளியே தனியாக நின்ற ஒன்றன்று. 1911 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ், வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றவர். இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிம் அவர். பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகி, 'இலங்கையில் இஸ்லாம்' என்ற நூலையும் தமிழுக்குத் தந்தார். அவ்வாறாயின் ஓர் இந்துக் கல்லூரியின் பழைய மாணவர் இடாப்பு, முஸ்லிம் சமூகத்தின் வரலாற்று ஆவணமாகவும் அமைகின்றது அல்லவா? அதேபோன்று, ஒஸ்மானியாக் கல்லூரியின் பழைய புகைப்படம் ஒன்றிலே அங்கு கற்பித்த தமிழ் ஆசிரியர் ஒருவரின் முகம் இருக்கக்கூடும். அந்த முகத்துக்குப் பெயர் சொல்லக்கூடிய பழைய மாணவர் இன்று புத்தளத்திலே முதுமையில் வாழ்ந்துகொண்டிருப்பார்.

வெளியேற்றத்தைப் பற்றிய முழுமையான பதிவுக்கான முயற்சியும் மக்களின் வாய்மொழியிலிருந்தே பிறந்தது. வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் தொடர்பான பிரஜைகள் ஆணைக்குழு பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியங்களைத் திரட்டியது. அதன் அறிக்கையை சட்டம் மற்றும் சமூக நம்பிக்கை நிதியம் 2011 ஆம் ஆண்டில் வெளியிட்டது. அரசாங்க ஆணைக்குழுவொன்று செய்திருக்க வேண்டிய பணியைக் குடிமக்களே செய்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆவணப் பட்டியலில் பயன்படுத்தப்படும் சொற்களும் இங்கே முக்கியத்துவம் பெறுகின்றன. 1990 இல் நிகழ்ந்ததை 'இடம்பெயர்வு' என்ற தலைப்பின் கீழ் பதிவு செய்வதா, 'வெளியேற்றம்' என்ற தலைப்பின் கீழ் பதிவு செய்வதா? செல்வீச்சுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடுவது இடம்பெயர்வு. கட்டளையிட்டு அனுப்பப்படுவது வெளியேற்றம். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், பட்டியலே ஒரு தீர்ப்பை எழுதிவிடுகின்றது. எரிக்கப்பட்ட நூலகத்தைத் 'தீ விபத்துக்குள்ளான நூலகம்' என எவரேனும் பதிவு செய்தால் யாழ்ப்பாணத் தமிழர்கள் அதனை ஏற்றுக்கொள்வார்களா? தமக்கு நேர்ந்ததற்குரிய சரியான சொல்லைக் கேட்கும் உரிமை எமக்கு இருக்குமாயின், அதே உரிமை முஸ்லிம்களுக்கும் உண்டு.

இந்த நியாயம் தமிழர்களுக்கு உள்ளேயும் பொருந்தும். 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தைப் பற்றி, கோயில் மலர்களில் தேடினால் எவ்வளவு கிடைக்கும்? அச்சில் ஏறியவை அனைத்தும் அச்சடிக்க வசதி பெற்றவர்களின் குரலே. அந்த வசதியைப் பெறாதவர்களின் குரல் சேர வேண்டுமாயின், தொகுப்பின் கதவு அவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும்.

பிற நாடுகள் காட்டும் வழி

இத்தகைய முயற்சிகள் வெற்றியளிக்கும் என்பதற்கு உலகில் நல்ல சான்றுகள் உண்டு. அவுஸ்திரேலிய தேசிய நூலகம் 2008 ஆம் ஆண்டில் தனது பழைய பத்திரிகைகளை இணையத்தில் இட்டபோது, எழுத்துணரி விட்ட பிழைகளை வாசகர்களே திருத்துவதற்கு இடமளித்தது. பின்னர் 'ட்ரோவ்' என அழைக்கப்பட்ட அச்சேவையில் இன்றுவரை பல கோடி வரிகள் பொதுமக்களால் திருத்தப்பட்டுள்ளன. மூலப் பக்கத்தின் படம் அருகிலேயே இருப்பதாலும், திருத்தங்களின் வரலாறு பதிவாகி இருப்பதாலும், விஷமத்தனமான மாற்றங்களை எளிதில் கண்டுகொள்ள முடிகின்றது.

அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் ஏறத்தாழ 3,000 பழைய புகைப்படங்களை 'பிளிக்கர்' என்ற புகைப்படத் தளத்தில் இட்டு, அவற்றைப் பற்றி அறிந்தவற்றைக் கூறுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. மக்கள் இடங்களையும் ஆட்களையும் நிகழ்வுகளையும் அடையாளம் காட்டினர். நூலக அலுவலர்கள் அவற்றைச் சரிபார்த்து, அவ்வாண்டு முடிவடைவதற்கு முன்னரே 500 க்கும் மேற்பட்ட பட்டியல் பதிவுகளைத் திருத்தி அமைத்தனர்.

எமது நிலைமைக்கு மிகவும் நெருக்கமான உதாரணம் கனடாவில் உள்ளது. அங்கு வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிற் மக்களின் ஆயிரக்கணக்கான புகைப்படங்கள் அரச காப்பகத்தில் இருந்தன. ஆனால், எடுத்தவரின் பெயர் இருந்ததேயன்றி, எடுக்கப்பட்டவரின் பெயர் பெரும்பாலும் இருக்கவில்லை. 'இனுயிற் பெண்', 'வேட்டைக்காரர்' என்பன போன்ற குறிப்புகளே காணப்பட்டன. 2001 ஆம் ஆண்டளவில் ஆரம்பிக்கப்பட்ட 'பெயரிடும் திட்டம்' இந்தக் குறையைப் போக்க முனைந்தது. இனுயிற் இளைஞர்கள் மின்வருடப்பட்ட படங்களைக் கணினிகளில் எடுத்துச் சென்று ஊர் முதியோருக்குக் காட்டினர். முதியோர் பெயர்களைக் கூறினர். அவற்றோடு கதைகளையும் கூறினர். காப்பகத்துக்குப் பெயர்கள் கிடைத்தன. இளைஞர்களுக்குத் தமது பாட்டன் பாட்டியரின் வரலாறு கிடைத்தது. யாழ்ப்பாணத்துக்கும் புத்தளத்துக்கும் இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி வேறெதுவும் இருக்க முடியாது என்றே நாம் கருதுகின்றோம்.

எழக்கூடிய ஐயங்கள்

இதற்கு எதிராக எழுப்பப்படும் ஐயங்கள் நியாயமற்றவை எனத் தள்ளிவிட முடியாது. முதலாவது ஐயம், பிழையான தகவல் பற்றியது. எவரும் எதையும் எழுதலாம் என்றால் ஊர்ப்பெருமையும் குடும்பப்பெருமையும் வரலாறாகிவிடும். கோயில் உரிமை, காணி எல்லை தொடர்பான பிணக்குகள் பட்டியலுக்குள் புகுந்துவிடும் என்ற அச்சம் எமது சமூகத்தை அறிந்த எவருக்கும் புரியும். இதற்கான பரிகாரம் கதவை மூடுவதன்று. நூலகர் எழுதிய மூலக் குறிப்பு ஒருபுறமும், பொதுமக்களின் தகவல் மறுபுறமுமாகத் தனித்தனியே நிற்க வேண்டும். தகவல் தந்தவர் யார், எப்போது தந்தார், தாம் கண்டதைக் கூறுகின்றாரா கேட்டதைக் கூறுகின்றாரா என்பவை பதிவாக வேண்டும். இருவர் முரண்பட்டால் இரு கூற்றுகளும் பேணப்பட வேண்டும். வரலாற்று மாணவனுக்கு அந்த முரண்பாடும் ஓர் ஆவணமே.

இரண்டாவது ஐயம் பாதுகாப்புப் பற்றியது. இதுவே மிகப் பாரதூரமானது. போர்க்காலப் புகைப்படம் ஒன்றில் ஒருவரின் முகத்துக்குப் பெயர் சூட்டுவது, இன்று உயிருடன் இருக்கும் ஒருவரை ஆபத்தில் தள்ளிவிடக்கூடும். முன்னாள் போராளிகள், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்தினர், வன்முறைக்கு உட்பட்ட பெண்கள், சாட்சிகள் ஆகியோரின் பெயர்கள் பகிரங்க இணையத்தில் இடப்பட வேண்டியவை அல்ல. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இயற்றப்பட்டுள்ள ஒரு நாட்டில், எத்தகைய தகவலை எவர் வெளியிடலாம் என்பதைப் பற்றி ஆவணக் காப்பகங்கள் சட்ட ஆலோசனையுடன் தெளிவான விதிகளை வகுத்துக்கொள்ள வேண்டும்.

இதிலும் கற்பதற்கு முன்னுதாரணம் உண்டு. அவுஸ்திரேலியாவின் வறுமுங்கு ஆதிவாசி மக்களோடு இணைந்து உருவாக்கப்பட்ட 'முகுர்ட்டு' என்ற மென்பொருள், எந்த ஆவணத்தை எல்லோரும் பார்க்கலாம், எதைக் குடும்பத்தினர் மாத்திரம் பார்க்கலாம், எதைச் சமூகத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பதை அந்தச் சமூகமே தீர்மானிக்க வழிசெய்கின்றது. 'திறந்து விடுதல்' என்பதன் பொருள் எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டுவது அன்று. எதைக் காட்டலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தில் உரியவர்களுக்குப் பங்கு கொடுப்பதே அதன் பொருள்.

மூன்றாவது ஐயம் பதிப்புரிமை பற்றியது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின்னரும் 70 ஆண்டுகளுக்கு உரிமை நீடிக்கின்றது. எமது எழுத்தாளர்கள் பலரின் வாரிசுகள் எந்த நாட்டில் இருக்கின்றார்கள் என்பதே தெரியாத நிலை உள்ளது. அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கும் பொதுமக்களின் துணையே வேண்டும். ஒரு நூலின் பட்டியல் பக்கத்திலேயே 'இந்த ஆசிரியரின் குடும்பத்தினரை அறிவீர்களா?' என்று கேட்பதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை.

செய்யக்கூடியவை

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட முடியாது. ஆயினும் சில காரியங்களை உடனடியாகவே ஆரம்பிக்கலாம். முதலாவதாக, பங்களிப்பு என்பது இணைய வசதியுள்ளவருக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது. எண்பது வயது மூதாட்டி ஒருவர் கடவுச்சொல் பெற்றுத் தட்டச்சுச் செய்வார் என எதிர்பார்க்க முடியாது. குடாநாட்டின் மாநகர, நகர, பிரதேச சபைகளின் நூலகங்கள் பல ஊர்களிலும் உள்ளன. வாரத்தில் ஒரு நாள் அங்கே ஒரு கணினியையும் ஒலிப்பதிவுக் கருவியையும் வைத்து, அவ்வூருக்குரிய பழைய படங்களையும் மலர்களையும் முதியோருக்குக் காட்டி, அவர்கள் கூறுவதைப் பதிவு செய்யலாம். யாழ்ப்பாணப் பொது நூலகம் இதில் முன்னின்றால், தன்னை உருவாக்கிய மக்களுக்கு அது செலுத்தும் நன்றிக்கடனாகவும் அமையும்.

இரண்டாவதாக, அதே ஏற்பாடு புத்தளத்திலும் வேண்டும். அங்கே வாழும் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சாட்சி கூற அழைப்பதோடு மட்டும் நின்றுவிடாது, எவற்றைத் திரட்டுவது, எவ்வாறு பெயரிடுவது, எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் குழுவிலும் அவர்களுக்கு இடமளிக்க வேண்டும். பள்ளிவாசல் நிருவாகங்களும் ஒஸ்மானியா, கதீஜா ஆகிய கல்லூரிகளின் பழைய மாணவர்களும் இதில் முன்கை எடுக்க முடியும். தமிழர்களும் தம்மிடமுள்ளவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். 1990 இன் பின்னர் கைமாறிய ஒரு வீட்டின் பரணில், வேறொரு குடும்பத்தின் புகைப்படமோ உறுதியோ குர்ஆன் பிரதியோ இன்றும் இருக்கக்கூடும். அதனை உரியவரிடம் சேர்ப்பித்து, அவரது சம்மதத்துடன் ஒரு பிரதியைக் காப்பகத்தில் வைப்பது எந்த மேடைப் பேச்சையும்விட மேலான நல்லிணக்கம் ஆகும்.

மூன்றாவதாக, மாணவர்களை இதில் ஈடுபடுத்த வேண்டும். உயர்தர வகுப்பில் வரலாறும் தமிழும் கற்கும் மாணவர் ஒருவர் ஒரு தவணைக்கு இருபது பக்கங்களின் எழுத்துப் பிழைகளைத் திருத்தினால், அவர் பழைய தமிழ் உரைநடையையும் கற்பார், காப்பகமும் பயன்பெறும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இப்பணிக்கான பயிற்சியையும் மேற்பார்வையையும் வழங்கலாம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் இரவு விருந்துகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை, தமது பாடசாலை மலர்களை மின்வருடுவதற்கும் அவற்றிலுள்ள முகங்களுக்குப் பெயரிடுவதற்கும் ஒதுக்கினால் அது நிலைத்து நிற்கும்.

நான்காவதாக, பங்களிப்பவருக்கு மதிப்பளிக்க வேண்டும். தந்த தகவல் என்னவாயிற்று என்பது அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அவர் விரும்பினால் அவரது பெயர் பதிவில் இடம்பெற வேண்டும். பின்னர் அவர் மனம் மாறினால் அதனை நீக்கிக்கொள்ளும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும். எமது மக்களிடம் ஆய்வாளர்களும் தொண்டு நிறுவனங்களும் பலமுறை வந்து, கேட்டு, எழுதிக்கொண்டு சென்றிருக்கின்றனர். எழுதியவை எங்கே போயின என்பது கூறியவர்களுக்குத் தெரியாது. அந்த அவநம்பிக்கையை அகற்றாமல் எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே எவரும் வரப்போவதில்லை.

காலம் காத்திருக்காது

1981 இல் பொது நூலகத்தின் வாசிப்பு மண்டபத்தில் அமர்ந்து படித்த இருபத்தைந்து வயது இளைஞர் இன்று எழுபதை அண்மித்தோ கடந்தோ இருப்பார். அந்த அலுமாரிகளில் என்னென்ன நூல்கள் இருந்தன என்பதைக் கூறக்கூடியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். 1990 ஒக்டோபரில் கையிலே ஒரு பையுடன் சோனகதெருவை விட்டு நடந்த இளந்தாய், இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்ட மூதாட்டி. அவரது பேரப்பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் என்பது பாட்டி கூறும் ஒரு கதை மாத்திரமே.

எரிந்த நூலை மீண்டும் எழுத முடியாது. இழந்த உறுதியை மீண்டும் அச்சடிக்க முடியாது. ஆனால், அந்நூலை வாசித்தவரும் அவ்வீட்டில் வாழ்ந்தவரும் இன்னமும் எம்மிடையே இருக்கின்றனர். மின் காப்பகங்களை நடத்துவோர் அவர்களிடம் செல்ல வேண்டும். அவர்களும் தாம் அறிந்ததைப் பெறுமதியற்றது என எண்ணி மௌனமாக இருந்துவிடக் கூடாது. இன்னும் பத்து ஆண்டுகள் கழித்து இதே தலைப்பில் எழுத நேருமாயின், அப்போது தாள்கள் இருக்கும், முகங்களும் இருக்கும், அவற்றுக்குப் பெயர் கூற எவரும் இருக்க மாட்டார்கள். அந்த நிலைமையைத் தவிர்ப்பதற்கான கால அவகாசம் இன்று எமது கையில் இருக்கின்றது. அதனை நழுவவிட்டால், இம்முறை குற்றஞ்சாட்டுவதற்கு எம்மைத் தவிர வேறெவரும் இருக்கப் போவதில்லை.